பரீட்சை முடியட்டும் என்று சொன்ன அப்பாவுக்கு

போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியும் எங்களைக் கட்டி மேய்ப்பதை விடாத என் அருமை அப்பாவுக்கு,

‘இவ்விடம் அனைவரும் நலம்’ என்று எழுதத்தான் பேனா தானாக ஓடுகிறது. நான் இங்கிலாந்தில் படித்தபோது வாரம் தவறாமல் நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தானே தொடங்கின? நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. இவ்விடம் நலமில்லை, அப்பா. அம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. வைகாசி வரை தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தா அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. யார் போட்ட உத்தரவு என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் நீங்கள் போட்டதுதான்!

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உங்கள் சாவை என்னிடமிருந்து மறைக்கத் தென்னூரில் நம் தெருவே பாடுபட்டது. அந்தத் தெரு இதையும் படிக்கட்டும்.

கெட்டதை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. நல்லதையும் சொல்கிறேன். நீங்கள் போனபோது பாவாடை கட்டிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போன வசந்தா இப்போது ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ‘பொம்பளைப் புள்ளைக்குப் பத்தாவது போதும்’ என்பீர்களே, அந்தப் பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை கொடுத்து வரவழைத்துக்கொண்டது. ஊரின் பெயர் அம்மா வாயில் நுழையாது. ‘அந்த ஊரு’ என்பாள். நான் துவாக்குடியில் புதிதாக வந்திருக்கும் என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார். உங்கள் இரும்புக் கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். பெரிய கடை வீதியில் இன்றைக்கும் உங்கள் பெயரைச் சொன்னால்தான் கடை எது என்று தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைச் சீமைக்கு அனுப்பிய அழகு உங்களுக்கு நினைவிருக்கும். ஆவணிப் புழுக்கத்தில் திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கம்பளிக் கோட்டோடு என்னை நிறுத்தி வைத்தீர்கள். “வேர்க்குதுப்பா, கழட்டிடறேன்” என்றேன். “போட்டோ எடுக்கிற வரைக்கும் போட்டிரு” என்றீர்கள். போட்டோக்காரர் வந்து சேர்வதற்குள் கழுத்து மாலையில் இருந்த எறும்பெல்லாம் கோட்டுக்குள் இறங்கிவிட்டது. அச்சடித்த வாழ்த்து மடலைச் சித்தப்பா உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பாதிதான் தாண்டியிருப்பார், போட் மெயில் வந்துவிட்டது. அதில் தனுஷ்கோடி, அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் கப்பல்.

வண்டி நகர்ந்தபோது ஜன்னலோடு நடந்து வந்து ஒன்று சொன்னீர்கள். “படிப்பைத் தவிர எதையும் மனசுல போட்டுக்காதே. இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.” சொன்னபடி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். சாவையும் சேர்த்து.

உங்களுக்கு இது புதிதும் இல்லை. நான் ஸ்கூல் ஃபைனல் எழுதிக்கொண்டிருந்தபோது பெரியப்பா இறந்துபோனார். எங்கே அவரைக் காணோம் என்றால், பழனிக்குப் போயிருக்கிறார் என்றீர்கள். கடைசிப் பரீட்சையை முடித்த கையோடு நேராகப் பெரியம்மாவிடம் போய், “பெரியப்பா வந்துட்டாங்களா? பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வந்தாங்களா?” என்று கேட்டேன். வெறும் நெற்றியோடு பெரியம்மா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நீங்களோ வீட்டுக்கு வந்ததும், “எல்லாப் பேப்பரும் நல்லா எழுதினியா?” என்றுதான் கேட்டீர்கள்.

இங்கிலாந்தில் என் மூன்றாம் வருஷம். மாசி மாதம் திடீரென்று உங்கள் கையெழுத்து நின்று வசந்தாவின் குண்டுக் குண்டு எழுத்து வர ஆரம்பித்தது. கடையில் கம்பிக் கட்டைத் தூக்கியதில் அப்பாவுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாம். அப்பா சொல்லச் சொல்ல வசந்தா எழுதுகிறாளாம். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? ‘காலையில் வெந்நீர் குடி, பனியில் தலையை நனைக்காதே’ என்று அச்சு அசலாக உங்கள் பேச்சு அப்படியே இருந்ததே!

நான் படித்த லீட்ஸ் ஊரில் ஒரு மருந்துக் கடைக்குப் போய், அங்கிருந்த அம்மாளிடம் என் மணிக்கட்டையே திருகிக் காட்டி, ஒரு தைலம் வாங்கினேன். எந்தக் கை என்று எழுதவில்லையே என்று கவலைப்பட்டு இரண்டு புட்டியாக வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். பதில் வந்தது. ‘நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது. வலி பாதி குறைந்துவிட்டது.’ ஓயாமரிச் சுடுகாட்டில் எரித்துச் சாம்பலைக் காவேரியில் கரைத்துவிட்ட மனிதருக்கு வலி பாதி குறைந்துவிட்டதாம், அப்பா! சித்திரை வருஷப் பிறப்புக்கு நீங்கள் ஒரு வடை கூடவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகவும் ஒரு கடிதம். பொய் சொல்வதென்று இறங்கிவிட்டால் நம் வீட்டில் கஞ்சத்தனமே கிடையாது.

எதிர்வீட்டு ராவுத்தர் அந்த நாளில் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். ‘உங்கப்பா சௌக்கியம்’ என்று எழுத அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. ‘அல்லா உன்னைக் காப்பாற்றுவான்’ என்று மட்டும் எழுதியிருந்தார். ராவுத்தருக்கு வயதாகிவிட்டது, சும்மா எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தெருவில் பொய் எழுதாத ஒரே மனிதர் அவர்தான்.

பரீட்சை முடிந்தது. சொன்னார்களா? ரிசல்ட் வரட்டும் என்றார்களாம். ரிசல்ட் வந்தது. தொழிற்சாலைப் பயிற்சி முடியட்டும் என்றார்களாம். தபால்காரருக்குச் சொல்லி வைத்தார்கள், கடைக் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி வைத்தார்கள், எனக்குக் கடிதம் போடக்கூடிய ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் சித்தப்பா சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உறையூர் பழனிவேலுவுக்குச் சொல்ல மட்டும் எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

அந்தப் பையன் அந்த வருஷம் லீட்ஸுக்குப் படிக்க வந்து சேர்ந்தான். வந்த மறுநாளே முறுக்கு டப்பாவோடு என் அறைக்கு வந்தான். நானும் ஆசையாக ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டேன். “உங்கப்பா கருமாதிக்கு நாங்க வீட்டோட வந்திருந்தோம்ணே. அம்மாமண்டபத்துப் படித்துறையில கால் வைக்க எடமில்லை. அப்புறம் உங்க வீட்ல சாப்பாடு. பந்தி முடிஞ்சபாடே இல்லை. அத்தனை மனுஷங்களைச் சம்பாதிச்சு வச்சிருக்காருண்ணே” என்றான்.

“யாருக்குக் கருமாதி?” என்று கேட்டேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே... உங்களுக்குத் தெரியாதா?” என்றான். பிறகு அவன்தான் அழுதான், அப்பா. ஊர் விட்டு ஊர் வந்து மறுநாளே இப்படி ஒரு காரியம் செய்துவிட்டோமே என்று தேம்பித் தேம்பி அழுதான். அவனை உட்கார வைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து, “உன்மேல தப்பு இல்லடா” என்று நான் தேற்றினேன். உங்கள் சாவுக்கு முதலில் நான் செய்தது அதுதான். என் அழுகை வருவதற்குள் அவன் எல்லா அழுகையையும் அழுது முடித்துவிட்டான்.

அப்புறம் உட்கார்ந்து நாள் பார்த்தேன். உங்களை ஓயாமரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். போட்டோ இருக்கிறது. வாயெல்லாம் பல். அதன் பின்னால் ‘அப்பாவுக்கு’ என்று எழுதி வேறு அனுப்பியிருந்தேன். சித்தப்பா கொள்ளி வைத்து, மொட்டை போட்டு, எல்லாக் காரியமும் முடிந்த பிறகு அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா அதை எப்படிப் பார்த்திருப்பாள்? நான் இதுவரை அவளிடம் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பாவிடம் கத்தினேன். “வந்து என்னடா பண்ணியிருப்பே? கப்பல் வந்து சேர்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிருக்கும்” என்றார். “அழுதிருப்பேன் சித்தப்பா. அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன்” என்றேன். “அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருடா” என்று மட்டும் சொன்னார். புத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா கையையும் அவர் கையையும் பிடித்துக்கொண்டு, ‘பையன் பரீட்சை முடியட்டும்’ என்றீர்களாமே! மூச்சு இழுக்கிறபோதுகூட என் பேப்பரைத்தான் நினைத்தீர்களா?

எனக்குப் பொறுக்கவே முடியாதது என்ன தெரியுமா? நான் முதல் வகுப்பில் தேறிவிட்டேன். நீங்கள் நினைத்தபடியே நடந்துவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போட்டாலும், “பாஸ் பண்ணிட்டியா இல்லையா?” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

வருஷா வருஷம் மாசியில் உங்கள் திதி கொடுக்க ஸ்ரீரங்கத்துக்குப் போகிறேன். அம்மாமண்டபத்துப் படியில் உட்கார்ந்ததும் சாஸ்திரிகள், “தோப்பனார் போனது எந்தத் திதி? நன்னா ஞாபகம் இருக்கோ?” என்பார். எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அம்மா விளக்கு வைத்த பிறகு என்கிறாள், சித்தப்பா பொழுது இருக்கும்போதே என்கிறார். இருவரும் சொல்வதைக் கேட்டுச் சாஸ்திரிகளே ஒரு முடிவுக்கு வருவார். எள்ளும் தண்ணீரும் கையில் வழியும்போது, செத்தது யாருடைய அப்பா என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

இந்த வியாதி நம் வீட்டோடு நிற்கவில்லை. போன மாதம் காலேஜுக்கு ஒரு விவசாயி வந்தார். லால்குடிப் பக்கம். “சார், பையனோட மாமா தவறிட்டாரு. அவனுக்கு உயிரு அந்த மாமா. பரீட்சை முடியற வரைக்கும் சொல்லிடாதீங்க சார்” என்று கும்பிட்டார். “ஏங்க, அவன் மாமாவைப் பத்திக் கேட்டா என்ன சொல்வீங்க?” என்றேன். “திருப்பதிக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கலாம் சார்” என்றார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த ஜில்லாவில் செத்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மலை ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது அம்மாவின் முறை. புத்தூரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்ததும் அவள் முதலில் சொன்னது, “வசந்தாவுக்கு எதையும் எழுதிடாதே. சித்திரைக் கடைசியில அவளுக்குப் பெரிய பரீட்சையாம். முடியட்டும்.”

“அவளுக்குச் சந்தேகம் வந்துட்டா?”

“எப்படிடா வரும்? எனக்குத்தான் எழுதத் தெரியாதே. நீதானே எப்பவும் எழுதறே. அதே மாதிரி எழுது. நான் போனப்பறமும் எழுது” என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், மாவு அரைத்து வைத்திருக்கிறேன் என்பதுபோல. “உங்கப்பா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு” என்று கடைசியில் ஒரு முத்திரையும் வைத்தாள்.

“அவருதான் இல்லையே!” என்று கத்திவிட்டேன். அம்மாவிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வசந்தா கிளம்பிய அன்று ஜங்ஷனில் அவளுக்கும் மாலை, கூட்டம் எல்லாம் இருந்தது. அந்தச் சந்தடியில் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். “அண்ணே, உங்களுக்கு வந்த கடுதாசி எல்லாம் நான் எழுதினது. அம்மாவும் சித்தப்பாவும் சொல்லுவாங்க, நான் அப்பா படம் இருந்த பக்கம் திரும்பாம எழுதுவேன். அதனால, எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். அம்மா சௌக்கியம்னு நீங்க எழுதினா நான் நம்பணும். நம்பற மாதிரி நடந்துக்குங்க” என்றாள். சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்து, செத்த அப்பா வடை சாப்பிட்டதாக எழுதச் சொன்னார்களே! அவளுக்கு அழ நேரம் கொடுத்தார்களா என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் வாங்கிய சத்தியத்தில் அவள் இருந்தாளா, அப்பா?

சித்தப்பாவாவது என் பக்கம் நிற்பார் என்று கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்து முடித்தார். பிறகு, “அண்ணன் ஏன் அப்படிச் சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“அண்ணன் இந்த ஊர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சாரு. வகுப்புல முதல் ஆளு. எங்கப்பா போனப்ப கிராமத்துலேருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போனாங்க. கருமாதி முடிஞ்சுது. வயலைப் பாக்க ஆள் இல்லை, நீ இரு, அடுத்த வருஷம் போகலாம்னாங்க. அடுத்த வருஷம் வரவே இல்லை. ஹாஸ்டல்ல அவரு பொட்டி, புஸ்தகம் எல்லாம் அப்படியே கெடந்துச்சு. எடுக்கக்கூடப் போகலை. சாவுக்குன்னு ஊருக்கு வந்தவன் திரும்பப் போக மாட்டான்டான்னு எங்கிட்ட ஒரு தடவை சொன்னாரு.”

ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை? எட்டு வீதி தள்ளி நின்று கேட்கிற மாதிரி அதட்டத் தெரிந்த உங்களுக்கு, இதைச் சொல்ல ஒரு நாள் வாய் வரவில்லையா? தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்க மாட்டேனே. இல்லை, போட்டிருப்பேன். ஆனால் நடுநடுவே உங்கள் கையையும் பிடித்துக்கொண்டிருப்பேன். கடையிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். அந்தப் பெட்டியை யார் எடுத்துக்கொண்டு போனார்களோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் பயம் பொய் இல்லை. வசந்தா வந்தால் பரீட்சை போகும். உதவித்தொகை நிற்கலாம். அம்மா காரியம் முடிந்ததும், இனிமேல் எதற்கு அந்த ஊர், காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து உட்காருவார்கள். இப்போதே இரண்டு ஜாதகம் வந்திருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வருவதா அங்கேயே இருப்பதா என்பது அவள் முடிவு. நீங்களும் நானும் அம்மாவும் சேர்ந்து அவளுக்குப் பதிலாக முடிவு செய்ய முடியாது.

முந்தாநாள் தலைமைத் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் குணமாகாத நோய், வைகாசி வரை இருக்கலாம், முடிவு உன்னுடையது, எதைச் செய்தாலும் நான் உன் பக்கம். இவ்வளவுதான். இன்று பதில் வந்தது. புறப்பட்டுவிட்டாளாம். ‘சொன்னதற்கு நன்றி’ என்று தந்தியில் வார்த்தைக்குக் காசு கொடுத்துச் சேர்த்திருக்கிறாள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு ராவுத்தர் எட்டிப் பார்த்தார். “பாவி, அவ படிப்பைக் கெடுத்துட்டியே! அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்து ஒரு தடவை காப்பாத்தினேன். இப்ப நான் போய் அவருகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்று அழுதாள். கஞ்சியைத் தொடவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. அழுகை ஓய்ந்து, தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எப்ப வர்றாளாம்?”

“வெள்ளிக்கிழமை மெட்ராஸ். சனிக்கிழமை இங்க.”

“அந்தக் கஞ்சியைக் கொடு” என்றாள்.

அதனால்தான் முந்திக்கொண்டு நானே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அம்மா அங்கே வந்து சேரும்போது அவளைக் கேள்வி கேட்காதீர்கள். அவள் கடைசிவரை உங்கள் சொல்லைக் காப்பாற்றினாள். மீறியது நான். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறேன். சாவுக்கு வந்தவள் திரும்பிப் போவாள், அப்பா. கருமாதி முடிந்த மறுநாளே யார் குறுக்கே விழுந்தாலும் நானே வசந்தாவை ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டி ஏற்றுவேன். இந்த வருஷம் பரீட்சை போனால் அடுத்த வருஷம் எழுதுவாள். உங்களுக்கு வராமலே போன அந்த அடுத்த வருஷம் அவளுக்கு வரும்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மகன்.